போர்வைக்குப் பின்னால் இரண்டு பெட்டி

மெழுகுவத்திச் சுடர் ஆடாமல் நின்றது. மகள் அதைப் பெட்டியின் ஓரமாக மெல்ல நகர்த்திக்கொண்டு போனாள். உள்ளே பதினெட்டு இன்ச் ஸ்பீக்கர் அடிக்குரலில் குமுறிக்கொண்டிருந்தது. பலகைகள் சேரும் இடத்தில் மயிரிழை சந்து இருந்தாலும் காற்று பீறி வந்து சுடரைச் சாய்த்துவிடும். கீழ் மூலைக்கு வந்ததும் சுடர் சாய்ந்தது.

“இங்க ஒழுகுதுப்பா.”

அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பசையில் மரத்தூளைக் குழைத்துக் கட்டைவிரலால் அந்த மூலையில் அழுத்தி அடைத்தார். இவ்வளவு பெரிய பெட்டிக்கு இந்தச் சின்ன ஓட்டை ஒரு விஷயமா என்று அவரிடம் கேட்டுவிடாதீர்கள், லேசில் விடமாட்டார். முன்பக்கம் அவர் வேண்டுமென்றே விட்டிருக்கும் துளை வழியாகக் காற்று போனால் அது பேஸ், வேறு எந்த வழியாகப் போனாலும் அது வெறும் காற்று என்பது அவர் கட்சி.

இந்த வீட்டை வாரா வாரம் எட்டிப் பார்த்து வருபவர்களுக்கு நான் எதையும் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்குத்தான் வாசல் ஏறியிருக்கிறீர்கள் என்றால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நல்ல செய்தி இல்லை.

இசைக்குழுக்காரர்களிடம் ‘பெட்டி மாஸ்டர்’ என்றால் இந்த அப்பாதான். மேடைக்கு வேண்டிய பேஸ் பெட்டிகளைக் கடையில் வாங்காமல், பிளைவுட்டை அறுத்துத் தன் கையாலேயே செய்து கொடுப்பவர். மகள் அந்த வேலையை அவர் பக்கத்தில் நின்றே கற்றுக்கொண்டாள். அவளைக் கட்டிய மாப்பிள்ளை சவுண்ட் ஆபரேட்டர். மிக்சர் என்ற ஒலிக்கலவைக் கருவியின் முன் உட்கார்ந்து மொத்த ஒலியையும் கவனிப்பவர், பெட்டி செய்யவும் தெரிந்தவர். மகளின் தம்பி பேஸ் கிட்டார் வாசித்தான். பெட்டி ஒருவர், மிக்சர் ஒருவர், கிட்டார் ஒருவன் என்று ஒரு குடும்பமே ஒரு குழுவைத் தாங்கிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு குடும்பமா என்று கண் வைத்தவர்கள் உண்டு.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு திறந்தவெளி நிகழ்ச்சி. பகலில் தூறியிருந்தது, மேடை ஈரம் காயவில்லை. பிள்ளை வாசிப்பதைப் பார்க்க அம்மாவும் போயிருந்தாள். தம்பி கிட்டாரைத் தோளில் மாட்டி, கம்பிகளைப் பிடித்தபடியே மைக்கில் வாய் வைத்தான். அவ்வளவுதான். மருத்துவமனை போய்ச் சேரும்வரைகூட உயிர் தங்கவில்லை. மறுநாள் வந்து சோதித்த மின்சார அதிகாரி, கிட்டாருக்கான ஆம்ப்ளிஃபயரின் ப்ளக்கில் எர்த் இணைப்பு இல்லை என்றார். எர்த் இருந்திருந்தால் பியூஸ் போயிருக்கும், பையன் போயிருக்க மாட்டான் என்றும் சொன்னார்.

மேடையில் ஒலிக்குப் பொறுப்பு மாப்பிள்ளை. கேட்டவர்களிடம் எல்லாம் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: “நான் பாத்திருக்கணும்.”

அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. இனி அவர் நிழல்கூட இந்த வீட்டில் விழக் கூடாது என்றாள் அம்மா. அப்பா அவரோடு பேச்சை நிறுத்தினார். துக்கத்துக்கு வந்த மகள் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. மாப்பிள்ளை குடியிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு ஷெட்டில் பலகைகளோடு பலகையாகப் படுத்துக் கிடக்கிறார் என்று கேள்வி.

இப்போது குழு மறுபடியும் எழுந்து நிற்கப் பார்க்கிறது. அதை நடத்துபவர் டிரம்மர். வாடகைப் பெட்டிகளோடு மல்லுக்கட்டி அலுத்துப்போன அவர், மாஸ்டரிடம் ஒன்று, மாப்பிள்ளையிடம் ஒன்று என்று மாதிரிக்குப் பெட்டி கேட்டிருந்தார். எது தேறுகிறதோ அதே போல முழு செட். இரண்டையும் ஒரே முற்றத்தில், ஒரே ஆம்ப்ளிஃபயரில், ஒரே பாட்டில் கேட்டுப் பார்த்துத்தான் முடிவு என்றார். அதாவது மாப்பிள்ளை இந்த வீட்டு வாசலுக்கு வர வேண்டும். சென்ற வாரம் முழுக்க இங்கே நடந்த ரகளை அதற்காகத்தான்.

கடைசியில் வரட்டும் என்று சொன்னவள் மகள். அதற்கு அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. எனக்காகக் காத்திருக்காதீங்க என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும். தம்பியைச் சாகவிட்டவரோடு ஒரே கூரையின் கீழ் படுத்து எழ அவளால் முடியாது. சோதனை முடிந்ததும் சொல்லிவிடுவேன் என்று நேற்றே அம்மாவிடம் தெரிவித்தாள். அம்மா தலையை மட்டும் அசைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

வேன் வந்து நின்றபோது வெயில் ஏறியிருந்தது. டிரம்மர் முன்னாலிருந்து இறங்கினார். மாப்பிள்ளை பின்கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். ஆள் பாதியாகியிருந்தார். சட்டை அவர் சட்டைதான், யாரிடமோ இரவல் வாங்கிப் போட்டது போல் தொங்கியது. வேளைக்குச் சாப்பிடுகிறாரா என்று மகளின் மனம் தானாகவே கேட்டது. அப்படிக் கேட்ட மனத்தின் மேல் அவளுக்கு எரிச்சல் வந்தது.

அவர் கொண்டுவந்த பெட்டியை இறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. அப்பா அசையவில்லை, ஆகவே மகள் போய்க் கை கொடுத்தாள். ஒரு பக்கம் அவளும் டிரம்மரும், எதிர்ப்பக்கம் மாப்பிள்ளை. பெட்டியின் மேல் அவர் முகம் மட்டும் தெரிந்தது. முற்றம் வரை மகளும் அவரும் பலகையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள்.

அப்பாவின் பெட்டி நேர்வழிப் பெட்டி. ஸ்பீக்கர் முன்னால் பார்த்திருக்கும், கீழே காற்றுத் துளை. அடித்தால் நெஞ்சில் விழும். மாப்பிள்ளை செய்திருந்தது ஹார்ன் பெட்டி. அதில் ஸ்பீக்கர் உள்ளே ஒளிந்திருக்கும். சத்தம், மடித்து மடித்து வைத்த பலகைப் பாதை வழியாகச் சுற்றிவந்து அகலமான வாயால் வெளியேறும். செய்வது பெரும்பாடு, ஒரு பலகை கோணம் பிசகினாலும் பட்ட பாடெல்லாம் வீண். ஹார்ன் பெட்டி என்றாலே அப்பாவுக்கு இளக்காரம். சத்தத்தை ஊர் சுற்ற வைத்து வீட்டுக்கு அழைத்து வருவானேன் என்பார்.

ஆனாலும் தொழில்காரர் கண் சும்மா இருக்குமா? தூரத்தில் நின்றபடியே பெட்டியின் வாயை எட்டி எட்டிப் பார்த்தார்.

“உள்ள எத்தனை மடிப்புன்னு கேளுங்க,” என்றார் டிரம்மரிடம்.

டிரம்மர் திரும்பி, கையெட்டும் தூரத்தில் நின்ற மாப்பிள்ளையிடம் கேட்டார். “எத்தனை மடிப்பு?”

“மூணு, மாமா,” என்றார் மாப்பிள்ளை, அப்பாவைப் பார்த்து.

“மூணாம்,” என்று டிரம்மர் அதை அப்பாவிடம் சேர்ப்பித்தார். வேறு நாளாக இருந்தால் எல்லோருமே சிரித்திருப்பார்கள்.

முற்றத்துக் கொடிக்கயிற்றில் மகள் ஒரு தடித்த போர்வையைப் போட்டாள். இரண்டு பெட்டிகளும் அதற்குப் பின்னால். குரல் போன்ற மேல் ஒலிகளுக்குச் சின்ன ஸ்பீக்கர் ஒன்று பொதுவாக வைத்தார்கள். வயரை மாற்றி மாற்றிக் கொடுத்து ‘ஒன்று’, ‘இரண்டு’ என்று குரல் கொடுப்பது அவள் வேலை. எது யாருடையது என்று முன்னால் உட்கார்ந்திருக்கும் மூவருக்கும் தெரியக் கூடாது. முகத்தைப் பார்த்து மார்க் போடும் சங்கதியே வேண்டாம் என்பது டிரம்மரின் ஏற்பாடு.

இரண்டின் சத்தமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று முதலில் மீட்டரை வைத்துச் சரிபார்த்தாள். கொஞ்சம் உரக்கக் கத்தும் பெட்டி எப்போதுமே நல்ல பெட்டி போலத்தான் காதில் விழும். இந்தத் தொழிலில் பாதிப் பேர் ஏமாறுவது அங்கேதான். ஹார்ன் பெட்டிக்கு ஒலியை நன்றாகவே குறைக்க வேண்டியிருந்தது. குறைத்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டாள்.

கரண்டுக்கு மட்டும் ஒரு சிக்கல். முற்றத்தை ஒட்டிய அப்பாவின் பட்டறையில் உள்ள ஸ்விட்ச் போர்டு அந்த ஆம்ப்ளிஃபயரைத் தாங்காது. அதற்கு வீட்டுக்குள்ளிருந்து நீள வயர் இழுத்தார்கள். மிக்சருக்குப் பட்டறை போர்டு. எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே எடுத்தால் நல்லது என்றாள் மகள். இன்னொரு நீள வயர் தேட வேண்டும். அப்பா, பரவாயில்லை விடு, ஆரம்பி என்றார்.

முதலில் ஒரு குத்துப்பாட்டு. போர்வை படபடத்தது. ‘ஒன்று’ என்று அவள் சொன்னபோது டிரம்மர் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ‘இரண்டு’ அவ்வளவு பக்கத்தில் சாதாரணமாகத்தான் இருந்தது. அப்பாவின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. எழுந்து கேட் வரை போய்க் கேட்டார்கள். அங்கே ஆட்டம் தலைகீழ். ‘ஒன்று’ பாதி வழியிலேயே களைத்துப்போயிருந்தது. ‘இரண்டு’ வந்தபோது கேட்டின் கம்பி கையில் அதிர்ந்தது. டிரம்மர் புருவத்தை உயர்த்தினார். அப்பா கேட்டின் கொண்டி லூசு, அதனால்தான் அதிர்கிறது என்றார். கொண்டியைப் பிடித்துக்கொண்டும் கேட்டார். அதிர்ந்தது.

“இப்ப நம்பரை மாத்திக்கோம்மா. மாத்தினியா இல்லையான்னுகூட எங்ககிட்ட சொல்லாத,” என்றார் டிரம்மர். பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். பாட்டுக்குள் எல்லா வாத்தியமும் கலந்து கிடக்கிறது, பெட்டி நல்லதா கெட்டதா என்று தனி பேஸில்தான் தெரியும் என்று இழுத்தார். அப்படி ஒரே ஒரு பதிவுதான் தன்னிடம் இருக்கிறது, ப்ராக்டிஸில் எடுத்தது என்றார்.

யார் வாசித்தது என்று யாரும் கேட்கவில்லை. மகள் போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். சமையலறையில் பாத்திரம் உருளும் ஓசை நின்றது.

“போடுங்க,” என்றார் அப்பா.

தம்பி தொண்டையைக் கனைத்துக்கொள்வதுகூடப் பதிவாகியிருந்தது. பாட ஆரம்பிப்பவன் கனைத்தால் சரி, வாசிக்கிறவன் எதற்குடா கனைக்கிறாய் என்று அவனை எத்தனை நாள் மகள் கேலி செய்திருப்பாள். அதற்குப் பிறகு முதல் ஸ்வரம். பெரிய, மெதுவான ஒரு ஸ்வரம். பக்கத்தில் நின்று வாசிக்கிறான், திரும்பினால் பார்த்துவிடலாம் என்றிருந்தது.

கூடவே இன்னொன்றும் கேட்டது. ‘ம்ம்ம்’ என்று ஒரே சீராக, ஈக்கூட்டம் போல ஓர் இரைச்சல். குத்துப்பாட்டின் ஆரவாரத்தில் இதுவரை மறைந்திருந்தது. ஆம்ப்ளிஃபயர் ஓரிடத்திலும் மிக்சர் ஓரிடத்திலும் கரண்ட் எடுத்தால் வரும் ஹம்மிங். சாதாரண ஸ்பீக்கரில் அது கிசுகிசுப்பு. இவ்வளவு பெரிய பெட்டியில் பிள்ளையின் வாசிப்பையே மூடியது. அவன் ஒரு ஸ்வரத்தை விட்டு அடுத்ததற்குப் போகும் இடைவெளியில் எல்லாம் அதுதான் வந்து உட்கார்ந்தது.

“புள்ள வாசிக்கிறதக் கேக்க விடுதா பாரு,” என்று அப்பா எழுந்தார்.

வாசற்படியோரம் நீள வயர் முடியும் இடத்துக்கு நடந்தார். ஆம்ப்ளிஃபயரின் ப்ளக்கைப் பிடுங்கினார். சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து ப்ளக்கின் திருகாணியைக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே மூன்று வயர். அதில் பச்சையைக் கழற்றி, பின்பக்கமாக மடக்கி, கால்சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் டேப்பைக் கிழித்து இரண்டு சுற்றுச் சுற்றினார். மூடி. திருகாணி. சட்டைப் பொத்தான் போடுகிறவர் விரலைப் பார்ப்பதில்லை அல்லவா, அப்படித்தான் செய்தார். செய்துகொண்டே டிரம்மரிடம் பேச்சும் கொடுத்தார். “வேற ஒண்ணுமில்ல. ஹம்மிங்கை எடுத்துட்டாப் போதும்.”

பச்சை வயர்தான் எர்த். மகளுக்குத் தெரியும்; அப்பாவுக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் அவர் கணக்கில் இது எர்த்தைப் பிடுங்குவது அல்ல. ஹம்மிங்கை எடுப்பது. மேடைக்கு மேடை, நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி செய்துவரும் வேலை. யாரும் நன்றி சொல்லாத வேலை. ‘எர்த் இணைப்பு இல்லை’ என்று அதிகாரி சொன்னபோது, எவனோ சோம்பேறி மாட்ட மறந்துவிட்டான் என்றுதான் அவர் புரிந்துகொண்டார். தன் கை செய்வதற்கு அவர் வைத்திருந்த பெயரே வேறு. அதனால் அது அவர் நினைவில் வேறு அறையில் கிடந்தது.

போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே வந்திருந்த மகள் அந்த ப்ளக்கையே பார்த்தாள். அவளுக்கு முதலில் எதுவும் தோன்றவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாகத் தோன்றியது. தம்பியின் ஆம்ப்ளிஃபயர், ஈர மேடை, நிகழ்ச்சிக்கு முன்னால் அப்பா எல்லாப் பெட்டிகளையும் ஒரு சுற்றுப் பார்த்து வரும் பழக்கம். கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

ப்ளக்கைச் செருகினார் அப்பா. இரைச்சல் போய்விட்டது. தம்பியின் பேஸ் மட்டும் முற்றத்தில் நின்றது.

டிரம்மருக்கு அதை இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்க ஆசை வந்துவிட்டது. ஒலியைக் கூட்ட, ஆம்ப்ளிஃபயரை நோக்கிக் கை நீட்டினார். மாப்பிள்ளை பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“தொடாதீங்க.”

“ஏன்?”

“தொடாதீங்கன்னு சொல்றேன்ல.” பிறகு மகளைப் பார்த்தார். மூன்று மாதத்தில் அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு இதுதான். “மெயினை அணைச்சுட்டு வயரை மாத்து. பெட்டிக்கிட்ட வெறுங்காலோட நிக்காத.”

அவர் முகத்தில் ஆச்சரியம் என்பது துளியும் இல்லை. புதிதாக எதையோ பார்த்தவர் முகமாக அது இல்லை. மகள் அருகில் போய், மிக மெதுவாகக் கேட்டாள்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“வேலையைப் பாரு,” என்றார்.

அன்று அதிகாரி தம்பியின் ஆம்ப்ளிஃபயர் ப்ளக்கைத் திறந்தபோது பக்கத்தில் நின்றவர் அவர். மடக்கிய விதத்தையும் டேப் சுற்றிய விதத்தையும் பார்த்த உடனே யார் கை என்று தெரிந்திருக்கும். நான் பாத்திருக்கணும் என்று அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. ப்ளக்குகளைச் சரிபார்ப்பது ஆபரேட்டர் வேலைதான். மாமனார் ஹம்மிங் எடுப்பதை எத்தனையோ மேடைகளில் பார்த்திருக்கிறார். ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை. அந்தப் பாதியை மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, மீதிப் பாதியை விழுங்கிக்கொண்டார்.

மகள் செருப்பைப் போட்டுக்கொண்டாள். மெயினை அணைத்தாள், வயரை மாற்றினாள், போட்டாள். ‘ஒன்று’ என்றாள். ‘இரண்டு’ என்றாள். அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அப்பா கண்ணை மூடிக் கேட்டார். இரண்டு தடவை மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைக்கவில்லை.

“ஒண்ணாம் நம்பர்தான்,” என்றார் கடைசியில். “ரெண்டுல சத்தம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. ஒண்ணுல புள்ள எங்க தொடங்கறான், எங்க விடறான்னு தெளிவாத் தெரியுது.”

டிரம்மர் எழுந்து போய்ப் போர்வையை இழுத்தார். நம்பர் மாறித்தான் இருந்தது. இரண்டாம் சுற்றில் ‘ஒன்று’ மாப்பிள்ளையின் ஹார்ன் பெட்டி.

அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மகள் மெயினை அணைத்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சமையலறை ஜன்னலில் அம்மா நின்றிருந்தாள். முற்றம் முழுவதும் அங்கிருந்து தெரியும். கழுவிய தட்டு ஒன்று கையில் அப்படியே சொட்டிக்கொண்டிருந்தது.

“பாத்தியாம்மா?”

“பாத்தேன்.”

“அவர் இல்லம்மா. அப்பாதான். அன்னிக்கும் அப்பாதான் எடுத்திருக்கார்.”

“மெல்லப் பேசு,” என்றாள் அம்மா.

அழுவாள், அலறுவாள், இல்லவே இல்லை என்று சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்து வந்தவள் மகள். மெல்லப் பேசு என்ற அந்தப் பதிலிலேயே அம்மாவுக்கு இது புதிது இல்லை என்று அவளுக்கு விளங்கியது.

“உனக்கு எப்பலேருந்து தெரியும்?”

அம்மா தட்டைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள். “மேடைக்குப் பின்னால வெளிச்சம் போதல. கொஞ்சம் பிடின்னு டார்ச்சை என் கையில குடுத்தார். நான்தான் பிடிச்சேன்.”

மகள் அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டாள். அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அது என்ன வயர், எதற்கு என்று தனக்கு என்ன தெரியும் என்றாள். பச்சை வயர் என்று அதிகாரி வாயிலிருந்து வந்த பிறகுதான் எல்லாம் விளங்கியதாம். அதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டு, நான் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

“தெரிஞ்சுக்கிட்டே அவரை அந்தப் பேச்சுப் பேசினியா? நிழல் விழக் கூடாதுன்னு?”

“அவர் இங்க வந்து போயிட்டிருந்தா என்னைக்காவது ஒருநாள் உண்மை அவர் வாயில வந்துடும்டி. புள்ள போயாச்சு. தன் கையாலதான் போனான்னு தெரிஞ்சா உங்கப்பா ஒரு பொழுது இருப்பாரா? மாப்பிள்ளை சின்ன வயசு. தாங்கிக்குவார்னு நெனச்சேன்.” ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “நேத்து நீ பிரிஞ்சுடறேன்னு சொன்னப்ப வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். உன் கால்ல வேணா விழறேன், உங்கப்பாகிட்ட சொல்லிடாத.”

பெற்றவள் காலில் விழுகிறேன் என்கிறாள். மகளுக்கு அவளைக் கட்டிப்பிடிக்கவும் முடியவில்லை, உதறவும் முடியவில்லை. மூன்று மாதம் ஒரே பாயில் படுத்து, நடு இரவில் எழுந்து எழுந்து இருவரும் அழுதிருக்கிறார்கள். தம்பிக்காக என்று நினைத்தாள். அம்மா எதையெல்லாம் நினைத்து அழுதாளோ. அந்த மூன்று மாதமும் ஷெட்டில் ஒருவர் தனியாகப் படுத்திருந்தார். அவரிடம் போய், எனக்காகக் காத்திருக்காதீங்க என்று சொல்ல இவள் வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தாள். அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

அப்போது முற்றத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

“மாப்பிள்ளை.”

டிரம்மர் வழியாக இல்லை, நேராக. அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் வாசலுக்கு வந்தாள். அம்மாவும் பின்னாலேயே வந்தாள்.

அப்பா ஹார்ன் பெட்டியின் மேல் ஒரு கையை வைத்திருந்தார். இன்னொரு கை மாப்பிள்ளையின் கையைப் பிடித்திருந்தது. கண் சிவந்திருந்தாலும் முகத்தில் இத்தனை நாள் இல்லாத ஓர் அமைதி. இந்தப் பெட்டியைச் செய்தவன் கெட்டவனாக இருக்க முடியாது என்று தனக்குப் பட்டுவிட்டது என்றார். பிள்ளையின் வாசிப்பைத் திரும்பக் கேட்க வைத்த கை என்றார். டிரம்மர் வேனின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பாதி புரிந்திருக்க வேண்டும், நிமிரவே இல்லை.

“உன்னால என் புள்ள போயிட்டான்,” என்றார் அப்பா. “அதை நான் சாகற வரைக்கும் மறக்க முடியாது. ஆனா நீ வேணும்னு பண்ணல. கவனக்குறைவு. மனுஷனுக்கு வரக்கூடியதுதான். நான் உன்னை மன்னிச்சுட்டேன், மாப்பிள்ளை. நாளைக்கே வந்து என் பொண்ணைக் கூட்டிட்டுப் போ.”

மாப்பிள்ளை தலை குனிந்தபடி நின்றார்.

“சரிங்க மாமா,” என்றார்.

மகளால் அதைத் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள், அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நாளையிலிருந்து ஒவ்வொரு நாளும் இந்த மன்னிப்பைச் சுமந்துகொண்டு அவர் இந்த வீட்டுக்கு வரவேண்டும், போகவேண்டும். கூடவே அவளும். வாயை மூடிக்கொண்டால் புருஷன் திரும்பக் கிடைப்பார், அப்பாவும் பிழைப்பார். விலை புருஷன் ஒருவர் தலையில். போதாததற்கு அப்பா நாளைக்கும் எந்த மேடையிலாவது யாருடைய ப்ளக்கையாவது இதே போல் திறப்பார். எந்த வீட்டுப் பிள்ளையாவது அதற்கு முன்னால் நின்று மைக்கில் வாய் வைப்பான்.

அவள் படியில் கால் வைத்தாள். அம்மா அவள் முழங்கையை இறுகப் பிடித்தாள். மகள் அந்த விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், விலக்கினாள். எதிரே மாப்பிள்ளை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்த உடனே புரிந்துகொண்டு, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தார்.

“அப்பா,” என்றாள் மகள். “அந்த ப்ளக்கைக் கொஞ்சம் திறங்க. திறந்து, உள்ள பாருங்க.”

“ஏம்மா, மறுபடியும் ஹம்மிங் வருதா?” என்று கேட்டபடியே அப்பா சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார்.